விட்டுக்கொடுத்த ரவுண்டு

இந்தப் பக்கம் உக்காராதீங்கக்கா, அந்தப் பக்கம் வாங்க. இந்தக் கைல தெரியாம ஒரு இடி பட்டாலும் உயிர் போயிடும். ஆங், உக்காருங்க. டோக்கன் வாங்கிட்டீங்களா? அப்ப எனக்கு முன்னாடி நீங்க. நான் காலைலயே வந்துட்டேன். வந்து, யாரையும் கேக்காம சும்மா உக்காந்துட்டேன். டோக்கன் வாங்கணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

கால் பிசகிடுச்சா? மாடிப்படியா? கவலப்படாதீங்க. இங்க பச்சிலையும் முட்டையும் போட்டு, மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனாங்கன்னா மாட்டுக்கே எலும்பு கூடும். எங்க பசங்க எத்தனை பேரு இந்த பெஞ்சுல உக்காந்திருக்கானுங்க தெரியுமா? தோள்பட்டை, முழங்கை, முட்டின்னு ஆளுக்கொண்ணு. நான்தான் கூட்டிட்டு வருவேன். எனக்குன்னு வந்து உக்காந்தது இதான் முதல் தடவை. ஜி.எச்.ல இந்தத் துணியோடயே படம் எடுத்தாச்சு. மாவுக்கட்டு போடணும்னாங்க. மாவுக்கட்டு போட்டா மணிக்கட்டு மரக்கட்டையாயிடும்னு இங்க வந்துட்டேன்.

துணியத்தானே பாக்குறீங்க? சிரிக்காதீங்கக்கா. ரோஸ் கலரு, பூப்போட்டது, எனக்கே தெரியுது. இது என்னுது இல்ல. ஒரு பொண்ணோட துப்பட்டா. தப்பா நினைக்காதீங்க, தங்கச்சி மாதிரி. அதுதான் கட்டிவிட்டுச்சு.

எப்படி ஒடிஞ்சுதா? ஆட்டத்துல. ஆனா ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் தோக்கல. விட்டுக்கொடுத்தேன். அத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க.

பிரேக் டான்ஸ் ஆட்டம்கா. முப்பத்தஞ்சு வயசுல என்னடா டான்ஸுன்னுதானே பாக்குறீங்க? எங்க அம்மாவும் இதே பார்வைதான் பாக்கும். சினிமால கூட்டமா நின்னு கைய ஆட்டுறானுங்களே, அது இல்ல. இது தரையில ஆடுறது. தலைய ஊனிப் பம்பரமா சுத்துறது, ஒத்தக் கையில உடம்பத் தூக்கி அப்படியே செல மாதிரி நிக்கிறது, காலால தரையில கோலம் போடுறது. வியாசர்பாடில போயி கஜான்னு கேளுங்க. கஜேந்திரன்னா தெரியாது. சவுண்டு சர்வீஸ் கஜா, பாலத்துக்கடி கஜான்னா சின்னப் புள்ளைங்க கூடச் சொல்லும். மேம்பாலத்துக்குக் கீழ எங்க டீம். பிரிட்ஜ் பாய்ஸ். நான் ஆரம்பிச்சது. கஞ்சா, கத்தின்னு போயிருக்க வேண்டிய பசங்கள எல்லாம் கூட்டிவந்து ஆட வச்சேன். இன்னிக்கு ஒருத்தன் ஏர்போர்ட்ல வேலை பாக்குறான்.

இதுல பேட்டில்னு ஒண்ணு உண்டு. சண்டைதான், ஆனா மேல கை படக்கூடாது. வட்டமா ஜனம் நிக்கும். நான் உள்ள போயி ஒரு ரவுண்டு ஆடுவேன். ஆடி முடிச்சதும் நீங்க வந்து அதுக்குப் பதில் சொல்லணும். நான் ஒண்ணு போட்டா நீங்க அதவிட ஒசத்தியா ஒண்ணு போடணும். இதுல மரியாதைன்னா என்ன தெரியுமாக்கா? காலத் தொட்டுக் கும்பிடுறது இல்ல. எதிர்ல நிக்கிறவனுக்கு முழு பலத்தோட பதில் சொல்றது. பாதி பலத்துல ஆடினா அவன மனுசனா மதிக்கலன்னு அர்த்தம். நான் எங்க பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதான். எவனா இருந்தாலும் முழுசா ஆடு. ஒப்புக்குச் சப்பாணியா எவனையும் நடத்தாத.

அந்தப் பொண்ணு பேரு மோனிஷா. அது எங்ககிட்ட வந்த கதையே தனிக் கதை.

நான் விசேஷ வீட்டுக்கு லைட்டு, ஸ்பீக்கர் கட்டுற வேலை பாக்குறேனா, விசேஷம் முடிஞ்சா ஃபிளெக்ஸ் பேனர அவுக்குறதும் நாங்கதான். அவுத்தத யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அதத் தரையில விரிச்சா வழவழன்னு இருக்கும், முதுகப் போட்டுச் சுத்துறதுக்கு அதவிட ஒசத்தி கெடையாது. கட்சித் தலைவருங்க மேல சுத்தியிருக்கோம், காதுகுத்து மேல சுத்தியிருக்கோம், கண்ணீர் அஞ்சலி மேலயும் சுத்தியிருக்கோம். பாவம்தான், என்ன பண்றது, ஏழைங்களுக்கு ஏது பாயி.

அன்னிக்கு விரிச்சது ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரு. கிரீடம் வச்சு, ராஜா சேர்ல உக்கார வச்சு, சுத்தி தாய்மாமனுங்க மொகமா அடிச்சிருப்பாங்களே, அது. லோகுன்னு எங்க டீம் பையன், அவன் முதுகு சரியா அந்தக் கிரீடத்து மேல சுத்துது. பள்ளிக்கூடத்து டிரெஸ்ல ஒரு பொண்ணு வந்து நிக்குது. "அண்ணே, அது என் மூஞ்சி"ன்னுச்சு.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அது சிரிக்கல. "திருப்பிப் போடுங்க"ன்னுச்சு. திருப்பிப் போட்டோம். போகும்னு பாத்தா போகல. வெள்ளைப் பக்கத்துல லோகு சுத்தறதயே பாத்துட்டு நிக்குது. அப்புறம் என்கிட்ட வந்து, "இதுக்கு எந்தக் கைய முதல்ல ஊனணும்?"னு கேட்டுச்சு.

பாருங்க, அழகா இருக்கு, பயமா இருக்குன்னு எத்தனையோ பேரு சொல்லியிருக்காங்க. எந்தக் கைய ஊனணும்னு கேட்டது அது ஒண்ணுதான்.

அவங்க அம்மா சுமதியக்கா தையல் கம்பெனில வேலை. விஷயம் தெரிஞ்சு தலைமுடிய அள்ளி முடிஞ்சுக்கிட்டு வந்து நின்னுச்சு பாலத்துக்கடில. நான் சமாதானம் சொன்னேன். கடைசில ஒத்துக்கிச்சு. ரெண்டே ரெண்டு கண்டிஷன். துப்பட்டா இல்லாம வரக்கூடாது. விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடணும். "கஜா, உன்ன நம்பித்தான் வுடறேன்"னுச்சு. அந்த வார்த்தைய நான் சாமி மாதிரி வச்சுக் காப்பாத்தினேன்கா. அது துப்பட்டாவ இடுப்புல இறுக்கிக் கட்டிக்கும், ஆடும். ஆறு மணியானா நானே ஒரு பையனக் கூட அனுப்பி வீடு வரைக்கும் விட்டுட்டு வரச் சொல்லுவேன். ஒரு பய அத ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. பேச விடல நான்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம்னா, கால் வேலை எல்லாம். தலையில சுத்துறது, காத்துல சுத்துறதெல்லாம் வேணாம்னுட்டேன். அதுக்குத் தோள்ல பலம் வேணும். தவிர, வயசுக்கு வந்த பொண்ணு, கழுத்துல ஒண்ணு ஆயிட்டா நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது சுமதியக்காவுக்கு யாரு பதில் சொல்றது? "உனக்குக் காலு போதும்மா, காலுல நீ கொலுசு மாதிரி ஆடுற"ன்னுவேன். "எனக்கும் தலையில சுத்தணும்"னு அது கேக்கும். "அதெல்லாம் பசங்க பாத்துக்குவானுங்க"ன்னுவேன். கொஞ்ச நாள்ல கேக்கறத விட்டுடுச்சு. நல்ல புள்ளைக்கா, சொன்னா கேட்டுக்கும்.

எங்க டீம்ல அதுக்கு ஒரு கொறையும் இல்ல. ஷோ எதுனா வந்தா அதத்தான் முன்னாடி நிறுத்துவேன். பொண்ணு ஆடுதுன்னா ஜனம் விசில் அடிக்கும். போட்டோன்னா நடுவுல. பேட்டில் வந்தா மட்டும் நாங்க நல்லா முன்னாடி போயிட்ட பிறகு ஒரு ரவுண்டு விடுவேன், அது மனசும் நோகக்கூடாது பாருங்க. ஒரு தடவ, "பேர மாத்தலாமாண்ணே? பிரிட்ஜ் பாய்ஸ்னு இருக்கே"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீயும் பாய்ஸ்தான்மா. உன்ன எவன் பொண்ணாப் பாக்குறான்?"னேன். அதவிட ஒரு ஆம்பள என்னக்கா சொல்ல முடியும்? அது போயி மறுபடியும் கால் வேலையப் பழக ஆரம்பிச்சுடுச்சு. சந்தோஷம் போல.

உங்களுக்குப் பொண்ணு இருக்கா? காலேஜா? எதுனா கத்துக்குதா? அனுப்புங்க, அனுப்பாம இருக்காதீங்க. ஆனா நம்ம ஆளு ஒருத்தன் இருக்கற இடமாப் பாத்து அனுப்பணும்.

போன வருஷம் காசிமேட்டுல ஒரு போட்டி. டீம் டீமா இல்ல, ஒண்டிக்கு ஒண்டி. அங்க போனா மைக்ல மோனிஷான்னு பேரு படிக்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பேரு கொடுத்திருக்கு. அத்தனையும் பசங்க. ஒவ்வொருத்தனும் மாடு மாதிரி. இது அவனுங்க முன்னாடி போயி நின்னு, அசிங்கப்பட்டு, அழுதுகிட்டு வந்தா? என்ன நம்பித்தானே அவங்க அம்மா விட்டிருக்கு? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

அப்புறம் ஒரு வழி தோணுச்சு. அதோட ஆடப்போற பசங்க ஒவ்வொருத்தனையா டீக்கடைப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனேன். "மச்சான், நம்ம தங்கச்சிடா. கொஞ்சம் பாத்து ஆடு." அவ்வளவுதான் சொன்னேன். என் பேச்சுக்கு மதிப்பு உண்டுக்கா. ரீகன்னு காசிமேட்டுப் பையன், அந்த ஊர்லயே பெரிய கை, அவன் மட்டும் சிரிச்சான். "இன்னாண்ணா, நீயே இப்டி சொல்ற?"ன்னான். "எனக்காகடா"ன்னேன். சரின்னுட்டான்.

அன்னிக்கு மோனிஷா ஆடுச்சு பாருங்க. அதுவரைக்கும் அப்படி ஆடிப் பாத்ததில்ல. ஒருத்தன் ஒருத்தனா வந்தான், லேசா ஆடினான், போனான். ரீகனும் போனான். கப்பு வாங்கிடுச்சு. நடுவர் கைய இது பக்கம் நீட்டினதும் அப்படியே தரையில மண்டி போட்டு ரெண்டு கையாலயும் மொகத்த மூடிக்கிச்சு. ஓடிவந்து, "அண்ணே, ரீகன ஜெயிச்சுட்டேன்"னு சொல்லுது. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒரு புள்ளைய இப்படிச் சந்தோஷப்படுத்த நம்மளால முடிஞ்சுதேன்னு. அடுத்த ஞாயித்துக்கிழமை சுமதியக்கா பாலத்துக்கடிக்கே அண்டாவத் தூக்கிட்டு வந்து மொத்த டீமுக்கும் பிரியாணி போட்டுச்சு. அதுவரைக்கும் பொண்ணு ஆடுறத அது ஒரு தடவ கூட வந்து பாத்ததில்ல. நல்ல பிரியாணிக்கா. நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

அதோட விட்டிருந்தா என்ன? அந்த ரீகன் பய வாயில ஓட்டை. கொஞ்ச நாள் கழிச்சு அவங்க ஏரியால சும்மா ஆடிக்கிட்டு இருந்தப்ப, மோனிஷா அவனக் கை காட்டிக் கூப்பிட்டிருக்கு. ஜெயிச்ச தெம்பு. அவன் எல்லார் முன்னாடியும், "இன்னிக்கும் உங்கண்ணன் சொன்னா மாதிரி ஆடட்டுமா, இல்ல நெசமா ஆடட்டுமா?"ன்னு கேட்டிருக்கான். மூஞ்சப் பாத்துட்டு, "அட, உனக்குத் தெரியாதா?"ன்னிருக்கான். அப்புறம் நெசமா ஆடியிருக்கான். இது நின்னு ஆடியிருக்கு. தோத்துப் போச்சு.

நேரா என்கிட்ட வந்துச்சு. நான் ஸ்பீக்கருக்கு ஒயர் ஒட்டிக்கிட்டு இருக்கேன். "எத்தனை பேர்கிட்டண்ணே சொன்னீங்க?"ன்னுச்சு.

நான் மறைக்கல. எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. "எல்லார்கிட்டயும்தான்மா சொன்னேன். உன் நல்லதுக்குத்தானே?"ன்னேன்.

"அப்ப அன்னிக்கு நான் ஜெயிச்சதுல எதுண்ணே என்னுது?"

"எல்லாமே உன்னுதுதான்மா. கப்பு உன் வீட்லதானே இருக்கு?"ன்னேன்.

அது கத்தியிருந்தா பரவால்லக்கா. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டு, சரியாப் போயிருக்கும். என்னயே பாத்துச்சு. "நீங்கதானேண்ணே சொன்னீங்க, பாதி பலத்துல ஆடினா மனுசனா மதிக்கலன்னு அர்த்தம்னு?"ன்னுச்சு. "அது பசங்களுக்குச் சொன்னதும்மா"ன்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. அது வேற, இது வேற இல்லையா?

மறுநாள் டீம் டீ-ஷர்ட்டத் துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சுக் கொண்டுவந்து ஸ்பீக்கர் மேல வச்சுட்டுப் போச்சு. அதோட சரி. வரல. நான் ஆளு அனுப்பினேன். சுமதியக்காவப் பாத்துப் பேசினேன். "எங்கிட்டயும் பேச மாட்டேங்குது கஜா. கப்பத் தூக்கிப் பரண் மேல போட்டுடுச்சு"ன்னுச்சு. தூக்கி வளத்த புள்ள. நன்றின்னு ஒண்ணு வேணாமா? ஏறி வந்த ஏணிய எட்டி ஒதைக்கிறதுன்னு சும்மாவா சொன்னாங்க? ராவெல்லாம் புரண்டிருக்கேன்கா, நான் அப்படி என்ன கெடுதல் பண்ணிட்டேன்னு.

அப்புறம் கேள்விப்பட்டேன். சுமதியக்கா வேலை பாக்குற தையல் கம்பெனிக்கு ஞாயித்துக்கிழமை லீவு. மிஷினையெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு அங்க ஆடுதாம். கூட நாலஞ்சு பொண்ணுங்க. வெட்டு மேஜைக்குக் கீழ கெடந்த துண்டுத் துணியெல்லாம் மூட்டையாக் கட்டி, அத மெத்த மாதிரி போட்டுக்கிட்டுத் தலையில சுத்தப் பழகுறாங்களாம். லோகு சொன்னான். "விழுந்து வாரிக்கிட்டு வரட்டும், அப்பத்தான் நம்ம அருமை தெரியும்"னேன். ஆனா மனசுக்குள்ள திக்குதிக்குன்னு இருக்கும். கழுத்தாச்சே.

நேத்துதான் எங்க டீமோட வருஷ விழா. பாலத்துக்கடில சீரியல் லைட்டு, பெரிய ஸ்பீக்கரு, காசிமேடு, புளியந்தோப்பு, எல்லா டீமும் வந்திருக்கு. நான்தான் மைக் புடிச்சு நடத்துறேன். சாயங்காலம் எல்லாரும் வட்டமா நின்னு ஆடுறாங்க. இந்த வட்டத்துக்கு யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. தைரியம் இருந்தா நீயே எறங்கணும். அப்ப மோனிஷா வந்துச்சு. பின்னால அந்தப் பொண்ணுங்க. எனக்குச் சந்தோஷம், புள்ள வீடு திரும்பிடுச்சுன்னு. மைக்ல, "நம்ம வீட்டுப் பொண்ணு, எல்லாரும் ஜோரா ஒரு தடவ கை தட்டுங்க"ன்னேன்.

எறங்கி ஆடுச்சு. ஆடி முடிச்சு எந்திரிச்சு நின்னு கைய நீட்டி என்னக் காட்டுச்சு. என்னயேக்கா! மைக் புடிச்சிருக்கறவன! "வாங்கண்ணே"ன்னுச்சு.

ஜனம் ஓன்னு கத்துது. நான் பேட்டில் ஆடி எவ்வளவு வருஷமாச்சு. சரி, சின்னப் புள்ள ஆசைப்படுதுன்னு மைக்க லோகுகிட்டக் கொடுத்துட்டு எறங்கினேன். லேசா நாலு காலு போட்டேன், சிரிச்சேன், கடைசில ஒரு கும்பிடு போட்டு முடிச்சேன். தங்கச்சி கூட வெளையாடுற மாதிரி.

அது என்ன பண்ணுச்சு தெரியுமா? பதிலுக்கு ஆடல. நடு வட்டத்துல வந்து சம்மணம் போட்டு உக்காந்துடுச்சு. கைய ஆட்டி, இது செல்லாது, திரும்ப ஆடுங்கன்னு காட்டுது. என்னோட ரவுண்ட ரவுண்டாவே எடுத்துக்கல! நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ண எங்கயும் பாத்ததில்ல. பாட்டு ஓடுது, அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. ரீகன் பய விசில் அடிக்கிறான். அந்தப் பொண்ணுங்க தரையில கையத் தட்டுதுங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

சரிதான்னு எறங்கினேன். இந்தத் தடவ கொஞ்சம் நல்லாவே ஆடினேன். முதுகுல சுத்தினேன், தோள்ல நின்னேன். பசங்க "கஜா! கஜா!"ன்னு கத்துறானுங்க. அப்பத்தான் அது எந்திரிச்சுச்சு. இடுப்புத் துப்பட்டாவ அவுத்துத் தலையில சுத்திக் கட்டுச்சு. தலைய ஊனுச்சு.

சுத்துச்சுக்கா. நான் சொல்லிக்கொடுக்காதது. கை தரைல படல. கால விரிச்சுச்சு, சேத்துச்சு, நிறுத்துச்சு, திரும்பச் சுத்துச்சு. அங்கேந்து கைக்கு வந்து, ஒத்தக் கையில நின்னுச்சு. என்னப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. பாலத்து மேல போற லாரிச் சத்தம் கூடக் கேக்கல எனக்கு. இது எப்ப இதக் கத்துக்கிச்சு, எத்தனை தடவ விழுந்திருக்கும், யாரு தூக்கியிருப்பான்னு ஓடுது மனசுல. ஒரு பக்கம் பெருமை. ஒரு பக்கம், ஏன் பொய் சொல்லணும், வயித்தெரிச்சல்.

அடுத்து என் முறை. ஏர்ஃப்ளேர்னு ஒண்ணு உண்டு. உடம்பு முழுக்கக் காத்துல, கை மட்டும் மாத்தி மாத்தித் தரையில. ஒரு காலத்துல அதுக்குன்னே என்னப் பாக்க வருவாங்க. போட்டேன். ஒரு சுத்து வந்துடுச்சு. ரெண்டாவதுல மணிக்கட்டு டக்குன்னுச்சு. சைக்கிள் செயின் அறுந்த மாதிரி. அப்படியே கெடந்தேன். ஏதோ புது ஸ்டைல்னு நினைச்சுக் கை தட்டுறானுங்க பாவிங்க.

முதல்ல ஓடிவந்தது அதுதான். எங்க பசங்க ஒருத்தனும் இல்ல. தலையிலேந்து துப்பட்டாவ அவுத்து, கைய நெஞ்சோட சேத்துக் கட்ட ஆரம்பிச்சுச்சு. குனிஞ்சு, என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப முழுசா ஆடினீங்களா?"ன்னுச்சு.

சுத்தி அத்தனை ஜனம். லோகு நிக்கிறான், ரீகன் நிக்கிறான். நான் கை புடிச்சு வளத்த பசங்க அத்தனை பேரும் நிக்கிறானுங்க.

"உனக்காகத்தான்மா விட்டேன்"னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

கட்டிக்கிட்டு இருந்த கை நின்னுச்சு. அப்புறம் முடிச்சுப் போட்டுச்சு. "சரிண்ணே. கை நல்லானதும் சொல்லுங்க, திரும்ப ஆடலாம். அதுவரைக்கும் உங்கள ஜெயிச்சேன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னுட்டு எந்திரிச்சுப் போயிடுச்சு. அந்தப் பொண்ணுங்க கேக்குதுங்க, ஜெயிச்சுட்டல்ல, ஜெயிச்சுட்டல்லன்னு. இல்லன்னு தலைய ஆட்டிக்கிட்டே போகுது. எங்க பசங்க எல்லாம், அண்ணன் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்துட்டாருன்னு வீடியோ போட்டுட்டானுங்க. நான் எதுவும் சொல்லல. அவனுங்களே சொல்றானுங்க. அதுல எனக்கு என்னக்கா இருக்கு?

ஆங்? பத்மாவதியா? நீங்கதானே, கூப்பிடுறாங்க பாருங்க. மெதுவா எந்திரிங்க, இந்தாங்க, என் நல்ல கையப் புடிச்சுக்கங்க.

என்ன கேட்டீங்க?

விட்டுக்கொடுத்தவனுக்குக் கை எப்படி ஒடியும்னா?

தரை ஈரம்கா. மழை... இல்ல, நேத்து மழை இல்லதான். பாலத்துக்கடில எப்பவும் கொஞ்சம் ஈரம் இருக்கும்.

அப்படிப் பாக்காதீங்கக்கா. சரி. நீங்க யாரோ, நான் யாரோ. இந்தப் படிய எறங்கினா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழுசாத்தான் ஆடினேன். என் ஆயுசுக்கும் அப்படி ஆடினதில்ல. இருந்தத எல்லாம் போட்டேன். அப்பவும் அத எட்ட முடியல.

அதுகிட்ட சொல்லக் கூடாதா? இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தப் புள்ள நிக்குது, தெரியும். தெரியாம என்ன. ஆனா சொன்னா அதுக்குத்தான்கா கெடுதல். வயசுப் பொண்ணு, தலைக்கு ஏறிடும். அப்புறம் ஊர்ல எவன்கூடனாலும் போயி நிக்கும், எவனாவது ஒருத்தன் ஒடச்சு உக்கார வச்சுடுவான். சுமதியக்கா என்ன நம்பித்தானே விட்டுச்சு? நான் பாத்துக்கிறேன். கை நல்லாகட்டும், மெதுவாப் பாத்துக்கலாம்.

போங்க, திரும்பக் கூப்பிடுறாங்க. அக்கா, ஒரு நிமிஷம். பின்னால கழுத்துக்கிட்ட இந்த முடிச்சக் கொஞ்சம் தளத்தி விடுங்க. நேத்துலேந்து விரலெல்லாம் மரத்துக் கெடக்கு, ரொம்ப இறுக்கிக் கட்டிடுச்சு. எங்க பசங்க எவனுக்கும் அவுக்க வரல.

இல்ல இல்ல, அவுத்துடாதீங்க. தளத்தினா போதும்.